முன் இடது

சிஸ்டத்தை அழித்துப் புதிதாகப் போட்டது
வைரஸுக்காக என்று சுகிர்தாவுக்குச் சொன்னேன்.
உண்மை அதில்லை.
லப்டொப்பைத் திறக்கிற நேரமெல்லாம்
டிலக்சனின் பெயர் முன்னுக்கு வந்து நின்றது,
பக்கத்தில் அவன் வைத்த பூனைப் படம்.
சம்பளக் கதையில் முறித்துக்கொண்டு
சுன்னாகத்துப் பெரிய ஸ்ரூடியோவுக்குப் போனவன்.
பூனையும் போகட்டும் என்றுதான்.

திருநெல்வேலிச் சந்தி, மேல்மாடி,
இரவு பத்தரை.
காரைநகர்க் கல்யாணத்தைத் திறந்தால்
சத்தமே இல்லை.
ஐயரின் வாய் அசைகிறது, மந்திரம் இல்லை.
தேங்காய் பஞ்சு மாதிரி உடைகிறது.
சபை எழும்பி அட்சதை எறிய
ஊமைப்படத்தில் தாலி கட்டுகிறார் மாப்பிள்ளை.

ட்ரைவர் இல்லை என்றது. இறக்கினேன்.
பொருந்தாது என்றது. பழையதைத் தேடி இறக்கினேன்.
இன்னும் பதினெட்டு நிமிடம் என்று காட்டும்போது
கரண்ட் போய், இன்டர்நெட்டும் போய்,
திரும்பவும் ஒன்றிலிருந்து.
மூலையில் ஸ்பீக்கர்ப் படத்தின் மேல்
சிவப்புப் புள்ளடி,
ஒன்பதாம் வகுப்புக் கணக்குக் கொப்பியில்
எனக்குப் பழகின அதே புள்ளடி.

பன்னிரண்டேகாலுக்கு அது மறைந்தது.
ஹெட்போனைக் கொழுவிச் சோதனை அழுத்தினேன்.
திரையில் 'முன் இடது' என்று எழுத்து மின்னியது,
ஒன்றும் கேட்கவில்லை.
பேந்து ஒரு பெண்குரல், கணீரென்று:
முன் வலது.

நாதஸ்வரம் வருகிறது. அது வலது மைக்.
தவில்காரர் வேர்க்க வேர்க்க அடிக்கிறார்,
தோல் அதிர்வது தெரிகிறது,
ஒரு சொல்லும் வரவில்லை.
மூன்று தரம் ட்ரைவர் மாற்றினேன்.
வயரை முறுக்கி, ஓட்டையை ஊதி,
செய்த கம்பனியைப் பரம்பரையோடு ஏசி,
பிளாஸ்கில் ஆறிப்போய்க் கிடந்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டு
அரைத் தூக்கத்தில் ஹெட்போனைப் பக்கம் மாறிப் போட்டேன்.

தவில் வந்தது.
நாதஸ்வரத்தைக் காணவில்லை.

கழற்றினேன். சரியாகப் போட்டேன். மாற்றிப் போட்டேன்.
ஐந்தாறு தரம்.
மெசினில் பிழை இல்லை.

எப்போதிருந்து போனை வலது கையில் பிடிக்கிறேன்?
மோட்டார்சைக்கிளில் பின்னுக்கிருந்து சுகிர்தா
"கதைச்சது கேக்கேல்லையோ" என்று இடிக்கிறாளே,
அது எந்தத் தோள்?
மண்டபம் மண்டபமாக
ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் கமரா போட்ட பதினாறு வருசம்,
எந்தப் பக்கம் திரும்பி நின்றேன்?

போன பொங்கலுக்கு முதல் கிழமை,
திரையை விட்டுக் கண் எடுக்காமல் டிலக்சன் சொன்னான்:
"அண்ணை, உதில சின்னதா ஒண்டு மாத்திப்போட்டன்.
இனி வடிவாக் கேக்கும்."
என்னத்தை என்று நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.

செற்றிங்ஸுக்குள், ஒலிக்குக் கீழே, இன்னும் கீழே
ஒரு சின்னப் பெட்டி:
இரு பக்கத்தையும் ஒன்றாக்கு.
வெறுமையாகக் கிடந்தது.
நான் அழித்தது இதையும்தான்.
சரி போட்டேன்.
தவிலும் நாதஸ்வரமும்
ஒரே வாசலால் முட்டிமோதிக்கொண்டு உள்ளே வந்தன.

வீடியோவை மட்டும் இரண்டு பாதையாகவே விட்டேன்.
கல்யாண வீட்டாருக்கு இரண்டு காது இருக்கும்.

அவனுக்குக் கொடுக்காத பதினோராயிரம்
கொப்பியில் என் கையெழுத்தில் இருக்கிறது,
பக்கத்தில் 'பிறகு' என்று.
மணி இரண்டு. இப்போது எடுத்தால் பயந்துபோவான்.
விடியட்டும்.

வீடியோ முப்பத்தொரு வீதத்தில் ஊர்கிறது.
புதுக் கணக்குக்கு ஒரு படம் தெரிவுசெய் என்று
பின்னேரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது மெசின்.
பூனை இருக்கிறதா என்று
ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறேன்.