இரண்டு எழுத்து

பொரளை அச்சகத்தில் இரவு முறை.
பதினொன்று இருபதுக்கு
நனைந்த தலைக்கவசத்தோடு ஒரு பொலிஸ்காரர்
அதிவிசேட வர்த்தமானியைக் கொண்டுவந்து வைத்தார்.
நள்ளிரவு முதல் அமுல்.
அதாவது நாற்பது நிமிடத்தில்
உறங்குகிறவர்கள் உட்பட எல்லாரும்
இதை அறிந்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

சிங்களம் மாலையே முடிந்து கட்டாகிவிட்டது.
தமிழ் எப்போதும் கடைசி பஸ்.
கோத்தவர் ரத்னசிறி. தமிழ் வாசிக்கமாட்டார்,
வடிவம் பார்த்து வடிவம் வைப்பார்,
ஓடு வேய்கிற மாதிரி.
இன்றைக்கு இரண்டு ஓடு மாறியிருந்தது:

*இரைமை மக்கலிடம் உள்ளது.*

சிவப்புப் பேனையைத் திறந்தேன். மூடினேன்.
முகத்துவாரத்தில் என் ஒழுங்கை
மூன்றாம் நாளாக எரிவாயுவுக்கு நிற்கிறது,
சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்துவிட்டு.
இதைப் பிழை என்று
எந்த முகத்தோடு சொல்ல?

அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்.
அவரும் மக்களில் சேர்த்தியா என்று
சட்டம் முப்பது வருஷம் யோசித்தது.
சட்டத்தைச் செய்தது யார்? மக்கள்.
மக்கள் யார்? அதைச் சட்டம் சொல்லும்.
அந்த வட்டத்துக்கு வெளியே நின்று
அவர் இறக்கிய அரிசி மட்டும்
விசாரணை இல்லாமல் உள்ளே போனது.

கடைசிப் பக்கத்து அடியில் வழக்கமான வரி:
முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும்.
ஆகவே என் கவனக்குறைவால் அரசு கவிழாது.
என் திருத்தம் அதைத் தாங்கப்போவதுமில்லை.
இதை யாரும் கேட்கவில்லை, சம்பளத்தில் இதற்கு வரியுமில்லை.
திருத்தினேன்.

ரத்னசிறி எட்டிப் பார்த்தார்.
சரவையின் ஓரத்தில் பெரிதாக எழுதிக் காட்டினேன்: ற. ள.
விரலால் மேசைமேல் வரைந்து பழகினார்,
ளகரத்தின் சுழியில் தடுமாறி, மறுபடி.
இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்றார்.
மினிஸ்சு, என்றேன். சனங்கள்.
யாரிடம் இருக்கிறதாம்?
சனங்களிடம்.
சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு
'அபித?' என்றார்.
நாங்களா?

பொலிஸ்காரர் மணி பார்த்தார்.
பதினொன்று ஐம்பத்தெட்டு.
கையொப்பம் வைத்தேன்.
கனத்தை மயானப் பக்கம் நாய்கள் ஊளையிட,
இயந்திரம் பிடித்து ஓடத் தொடங்கியது.
தரை அதிர்ந்தது. ஆறிய தேத்தண்ணியில்
வளையம் வளையமாக எதுவோ விரிந்தது.
அவர் இன்னும்
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.