வாய் பெயர்ந்த கூஜா

பாசலில் சனிக்கிழமைதோறும் பழம்பொருள் சந்தை.
பெரிய மரங்களின் கீழே
யார் யாரோ இறந்துபோன வீடுகளின் கரண்டிகள்.
எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.
பஸ் வரப் பதினொரு நிமிடம் இருந்தது,
அவ்வளவுதான்.

மஞ்சள் பீங்கான் கூஜா.
வாயில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.
இரண்டு தரம் கடந்து போனேன்.
கண்ணில் பட்டது, கருத்தில் படவில்லை.

சிவப்புக் கம்பளிச் சால்வையோடு ஒருத்தி வந்தாள்.
கையுறையைக் கழற்றி
வெறும் விரலால் அதன் வயிற்றைத் தடவினாள்,
காய்ச்சல் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல.
அந்தக் கணம் என் சமையலறை ஜன்னலோரத்தில்
ஒரு கூஜா இல்லாத குறை
வருடக்கணக்காய் இருந்ததுபோல் இருந்தது.

"எவ்வளவு?" இருவரும் ஒரே நேரத்தில்.
பன்னிரண்டு பிராங்க் என்று காலையில் ஒட்டிய சீட்டை
ட்சூடின் கிழவர் பெருவிரலால் மறைத்தார்.
முப்பது, என்றார், எங்கள் முகங்களைப் படித்துவிட்டு.
நான் கொடுத்தேன்.
அவள் தோளைக் குலுக்கினாள்:
"நீங்கள் இரண்டு தரம் பார்த்தீர்கள்.
அதனால்தான் நானும் நின்றேன்."

பஸ் போய்விட்டது.

வீட்டில் அது வெறும் கூஜா.
பால் ஊற்றினால் சில்லு வழியே மேசைக்கு ஒழுகியது.
செவ்வாய்க்கிழமை சியாமினி வந்து
கையில் தூக்கிப் பார்த்து
"இதை எங்கை வாங்கினனீ?" என்றாள்.
உடனே மறுபடி மஞ்சளாயிற்று, வெட்கமில்லாமல்.
"தர மாட்டேன்" என்றேன்,
அவள் கேட்காமலே.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டதாம்.
சிரிக்கிறோம்.
புலி எதைப் பார்த்துப் போட்டுக்கொண்டதென்று
ஒருவரும் கேட்டதில்லை.
ஒருவேளை அதுவும்
தண்ணீர் குடிக்கப் போன இடத்தில்
பூனையின் கண்ணில் தன்னைக் கண்டிருக்கலாம்.

கூஜாவில் இப்போது மரக்கரண்டிகள் நிற்கின்றன.
சியாமினி வீட்டில் நீல நிறத்தில் ஒன்று வந்துவிட்டது,
என்னுடையதைவிடச் சற்று உயரம்.
உயரம் என்பதை ஏன் கவனித்தேன், தெரியவில்லை.

நேற்றுத்தான் பிடிபட்டது.
துணிக்கடை நிலைக்கண்ணாடி முன்,
விலைச்சீட்டு தொங்கத் தொங்க,
இடது தோளில் ஒரு முடிச்சு.
அவள் போட்டிருந்த அதே முடிச்சு.
கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்,
மெதுவாக, ஒவ்வொரு விரலாக.

நாற்பத்தொன்பது பிராங்க். சிவப்பு.
கழுத்தெல்லாம் அரிக்கிறது.