அறுநூற்றுப் பதினொரு நாள்

என் வேலை தேதி பார்ப்பது.
ஜோசியம் இல்லை. காந்திபுரம் ஏழாவது வீதி,
காப்புரிமை வக்கீல் ஆபீஸ், மாடி.
கம்ப்யூட்டரில் நானூற்றுச் சொச்சம் வரிசை.
பச்சை என்றால் உயிர்.
மஞ்சள் என்றால் பணம் கட்டவில்லை.
சிவப்புக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

நூற்றுப் பதினேழாம் வரிசை: சூலூர் சென்னியப்பன்,
மணல் தின்னாத புஷ்.
ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழே
தண்ணீரைவிட மணலை அதிகம் கக்கும் போர்களுக்காக
அவர் கடைந்த வெண்கல வளையம்.
உள்ளே ஒரு சுழி, இடப்பக்கம் சாய்ந்தது.
அந்தச் சாய்வுக்குத்தான் இருபது வருடம்.

இருபதும் மனு கொடுத்த நாளிலிருந்து.
கிண்டியிலிருந்து முதல் கேள்வி வரவே ஐந்து ஓடிவிட்டது.
பதில், மறுகேள்வி, விசாரணை.
எட்டாம் வருடம் பட்டயம் வந்தபோது
கோயமுத்தூரில் பதினாலு மணி நேரம் கரண்ட் இல்லை.
லேத்துகள் சாக்கு போர்த்திக் கிடந்தன.
மூன்றாம் வருடம் முதல் எட்டு வரைக்கும்
நிலுவைக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினார்.
"பொறக்கறதுக்கு முன்னாடியே
பள்ளிக்கூட பீஸுங்களா அம்மிணி?"
சிரித்தேன். ரசீதை நீட்டினேன்.

அமெரிக்காவிலும் போட்டிருந்தார், பத்து மாதம் பிந்தி.
ஆபீஸ் தின்ற நாளை ஆபீஸே கக்கவேண்டும்
என்பது அங்கே சட்டம்.
அறுநூற்று ஐம்பத்து நாலு என்று எண்ணி எழுதி
கீழே ஒரு கழித்தல் குறி:
மனுதாரர் இழுத்தடித்தது நாற்பத்து மூன்று.
மீதி அறுநூற்றுப் பதினொன்று.

கழித்தல் குறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அந்த நாப்பத்தி மூணு நாளும்
நெஞ்சைப் பொளந்து
அவனாசி ரோட்டு ஆஸ்பத்திரியில படுத்திருந்தனுங்க.
அதை எழுதிப் போட்டா?"
போடலாம்தான்.
கெடு முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.
"செரி, அந்த அறுநூத்திச் சொச்சத்துல
இங்க ஒரு நூறு குடுப்பாங்களா?"
இங்க கூட்டறதும் இல்லீங்க, கழிக்கறதும் இல்லீங்க.
கிண்டி தூங்கினாலும் நாள் நடக்குமுங்க.

போன வெள்ளிக்கிழமை வந்தார்,
செக் புத்தகத்தோடு, குடை இல்லாமல் நனைந்து.
"இந்த வருஷத்துக்கு எவ்வளவுங்க?"
ஒண்ணும் இல்லீங்க. நாளைக்கு ராத்திரியோட முடியுது.
"தெரியுமுங்க," என்றவர்
பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.
"கட்டறதுக்கு ஏதாச்சும் இருக்குமான்னு வந்தேன்."
டீ வரவழைத்தேன். சர்க்கரை வேண்டாம் என்றார்.
படியிறங்கும்போது கேட்டார்:
"அப்பொ இங்க செத்தது அங்க உசுரோட இருக்குமா?"
பத்து மாதமும் அறுநூற்றுப் பதினொரு நாளும்.
கணபதியில் எவனும் வார்க்கலாம்,
ஹூஸ்டனில் கொண்டுபோய் இறக்கக் கூடாது.
"வேடிக்கைதான்," என்றார்.
அவர் சிரித்தாரா என்று
மேலே நின்றிருந்த எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை நள்ளிரவு ஒன்றும் கேட்கவில்லை.
பக்கத்து வீட்டில் போர் மோட்டார் ஓடி நின்றது,
அவ்வளவுதான்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு முதல் போன்,
கணபதியிலிருந்து, பேர் சொல்லாத குரல்.
"அந்த மணல் புஷ்ஷுங்க,
இனிமேல் நாங்க போடலாமுங்களா?
சட்டப்படி கேட்டுக்கலாம்னு..."
போடலாமுங்க என்றேன்.
நூற்றுப் பதினேழைச் சிவப்பாக்கினேன்.
மறுமுனையில் நன்றி சொல்லி முடிக்கும்வரை
அவனுக்குப் பின்னால்
வெண்கலத்தைக் கடையும் லேத்
நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.