அரை லிட்டர்

வேலிக்குப் பதில் கால்வாய்,
வரப்புக்குப் பதில் கால்வாய்.
கடலைவிடத் தாழ்ந்த எங்கள் ஃப்ரீஸ்லாந்தில்
நாளுக்கு அரை லிட்டர் என்று
ஹார்மெனுக்கு அளந்து கொடுத்தேன்
நான்கு வருடம்,
சூப்பையும் கணக்கில் சேர்த்து.

வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
மற்ற நாள் பனிக்கட்டியைச் சப்பிக்கொண்டு
மாடுகள் தொட்டியில் குடிப்பதைப்
பார்த்து நிற்பார்.

என் சிறுநீரகத்தில் ஒன்றை எடுங்கள் என்றேன்.
முப்பத்தோரு வருடம் ஒரே ரொட்டி, ஒரே உப்பு.
ரத்தம் மட்டும்
அந்நியர் என்றது எங்களை.

டாக்டர் ஒரு தாளில்
குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டார்.
தெற்கே எங்கோ எங்களைப் போலவே
பொருந்தாத ஒரு ஜோடி.
என்னுடையது அங்கே, அவர்களுடையது இங்கே.
ஊர் பேர் சொல்லாமல்
ஒரு கொள்வினை கொடுப்பினை.

ஒரே காலையில் நான்கு மேசை.
நெடுஞ்சாலையில் எங்கோ
இரண்டு ஐஸ் பெட்டிகள்
எதிரெதிரே கடந்திருக்கும்.
ஓட்டுநர்கள் கையசைத்துக்கொண்டார்களா?
கேட்க மறந்துவிட்டேன்.

மறுநாள் சக்கர நாற்காலியில் தள்ளிப்போனார்கள்.
முதலில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை,
கட்டிலோரம் தொங்கிய பையைப் பார்த்தேன்.
மஞ்சள்.
"இது மூன்றாவது பை"
என்றாள் நர்ஸ் நெஸ்லிஹான்,
தன் பிள்ளை பாஸானதுபோல.

இப்போது நள்ளிரவில் எழுந்து போகிறார்.
கதவைச் சாத்துவதில்லை.
அந்தச் சத்தத்தில் விழித்துக் கிடக்கிறேன்
அடிவயிற்றுத் தழும்பில் கைவைத்து.
தெற்கே ஏதோ ஒரு வீட்டில்
விளக்குப் போட்டிருப்பாளோ அவள்,
அவனோ,
என்னுடையது எழுப்பிவிட்டு.