தரவு இல்லை

வெருலத்துக்கு வடக்கே
கரும்பு அறுத்து ஓய்ந்த சரிவில்
வாய் மட்டும் வெளியே தெரியப் புதைத்த இரும்புப் பெட்டி.
இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை அகலம்,
உள்ளே ஏழு டன் மண்,
அதற்கும் அடியில் தராசு.
வெயில் குடித்தது எவ்வளவு என்று
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
காகிதச் சுருளில் கிறுக்கிக்கொண்டிருக்கும்.

முப்பத்தொரு வருஷம் இதுதான் வேலை.
"ஊசி போடாத டாக்டர்" என்பாள்
பெரியம்மா மகள் சரோஷா.
சரிதான்.
மண் இளைப்பதைப் பார்த்துக் கணக்கு எழுதுகிறவள் நான்.

வறட்சி ஆண்டின் ஜூலையில்
ஓர் இரவு ஒன்பதேகாலுக்கு
பெட்டிக்கு அறுபது கிலோ கூடியது.
இருபது மில்லிமீட்டர் மழை
என்றது என் சூத்திரம்.
மழைமானியில் ஒரு சொட்டு இல்லை.
விடிய நாலரைக்கு
மழை எழுந்து போய்விட்டது.

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும்.
எலியோ, கம்பியில் ஈரமோ என்று
திறந்து, துடைத்து, மூடினேன்.
நான்காம் இரவு
விளக்கணைத்த வண்டியில் காத்திருந்தேன்.

கரும்பு வெட்டும் பெகிதெம்பா.
பெயரெல்லாம் பிறகு கேட்டறிந்தது.
கம்பளியை உதறி விரித்து
பெட்டியின் நட்டநடுவில் படுத்தான்.
தொழிலாளர் கொட்டடியில் ஓர் அறைக்கு ஒன்பது பேர்.
இந்தச் சரிவு முழுக்கக் கல்லும் கட்டையும்.
இது ஒன்றுதான்
நான் கையால் சலித்துக் கொட்டிய மண்.

எழுப்பவில்லை.
நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள்,
வண்டியை விட்டு இறங்க முடியாத குளிர்.

கட்டுரையில் அந்தப் பதினோரு இரவுகளுக்கு நேரே
'தரவு இல்லை' என்று போட்டேன்.
அச்சானது.
பதவி உயர்வும் வந்தது.

இன்று அறையைக் காலி செய்கையில்
அலமாரியின் அடித்தட்டில் அந்தச் சுருள்.
மை வெளுத்திருந்தாலும் படிக்க முடிகிறது.
படுத்தபோது அறுபது கிலோ.
எழுந்தபோது
ஐம்பத்தொன்பது கிலோ எழுநூறு கிராம்.

முந்நூறு கிராம்.
ஓர் ஆள் உறங்கும்போது
மூச்சாகவும் வியர்வையாகவும்
இந்தியப் பெருங்கடல் காற்றுக்குக் கொடுத்த நீர்.
அந்த மாதம் முழுக்க
அந்தச் சரிவில் இவ்வளவு துல்லியமாக
வேறெதையும் நான் அளக்கவில்லை.
மண் இழந்தது என்ற பத்தியில் இது சேராது.
மழை என்ற பத்தியிலும் சேராது.

'தரவு இல்லை'யைப் பென்சிலால் அடித்துவிட்டேன்.
அதன் மேல் என்ன எழுதுவது?
அறைச் சாவிக்காக ஒரு பையன்
வாசலில் நிற்கிறான்,
இரண்டாம் முறையாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு.