இரண்டாவது வீச்சு

மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டுதான்
புதுச்சேரி பஸ்ஸில் வருவேன்.
விழுப்புரம் தாண்டியதும் கண்டக்டர் கேட்பார்,
"உள்ள என்னம்மா, பூனையா?"
பதினெட்டு மீட்டர் கயிறு என்று சொன்னால்
டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
இரண்டு சீட் தள்ளிப்போய் நிற்பார்.

பாய்ப்படகு அங்கேயே கிடக்கும்,
எனக்குப் பாதி, நசீமாவுக்குப் பாதி,
கடனும் அப்படியே.
கயிறு மட்டும் என்னோடு சேலம் வரும்.
உப்புக் குடித்தால் விறைத்துவிடும் அது.

மொட்டை மாடியில் பக்கெட் நல்ல தண்ணீரில்
இரண்டு முறை அலசி
தண்ணீர்த் தொட்டி நிழலில் தொங்கவிடுவேன்.
வெயிலில் போட்டால் நார் செத்துப்போகும்.
எதிரே சேர்வராயன் மலை
மதியம் வரை மேகத்தைக் கழற்றாமல் நிற்கும்.

காய்ந்ததும் பைக்குள் போடுவது.
சுருட்டக் கூடாது.
பிடிப்பிடியாய், கண்டபடி,
கோபத்தில் துணியை அமுக்குகிற மாதிரி திணிக்க வேண்டும்.
அழகாய் வளையம் வளையமாய் வைத்த கயிறு
பறக்கும்போது முடிச்சு விழுந்து
பாதி வழியில் நின்றுவிடுகிறது.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
எடை நோட்டு எழுதுகிறவள் நான்.
கொலுசுச் சங்கிலியில் சிக்கு எப்படி விழும் என்று
தினமும் பார்க்கிறேன்.
இது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

நாலாம் மாடி தேவநாயகம்
வீடு மாற்றும்போது மெத்தை கட்டக் கேட்டார்.
கீழ்வீட்டு இருசாயி
மாங்காய்க் கூடையை ஆட்டோவில் ஏற்றக் கேட்டாள்.
ஆடி மாதம் பந்தல்காரப் பையன்கள்
கேட்கக்கூட இல்லை, கையை நீட்டினார்கள்.
மூன்று பேருக்கும் தேங்காய் நார்க் கயிறு
வாங்கிக் கொடுத்தேன், என் காசில்.
கட்டுகிற கயிறு வேறு, எறிகிற கயிறு வேறு.
"பெரிய இவ" என்றாள் இருசாயி.
சரிதான்.

ஒரே ஒரு தடவைதான் எறிந்திருக்கிறேன்.

மாசி மாதம், வெளிச்சம் போகிற நேரம்.
முன்பாயை இறக்கப் போன நசீமா
பேசிக்கொண்டே இருந்தாள்,
வாக்கியத்தின் நடுவில் இல்லாமல் போனாள்.
சுக்கானைத் திருப்பி, பாயைத் தளர்த்தி
திரும்பி வருவதற்குள்
அலைக்குள் ஆரஞ்சாய் ஒரு புள்ளி.
பையைத் திறந்தேன்.
நுனி வளையத்தை இடது கையில் பிடித்தேன்
(பிடிக்காமல் மொத்தத்தையும் எறிந்தவர்கள் உண்டு).
வீசினேன்.
அவளுக்கு ஒரு கை முன்னால் விழுந்தது.
அவள் அதைப் பார்த்தாள்.
நான் பார்த்ததையும் பார்த்தாள்.

மறுபடி திணிக்க நேரம் ஏது.
இழுத்ததெல்லாம் காலடியில் குவிந்தது.
காலிப் பையில் கடலையே மொண்டு
அந்தக் கனத்தோடு வீசினேன்,
அவள் தலைக்கு மேலாக, அப்பால் போய் விழுகிற மாதிரி.
கயிறு தோளில் படிந்தது.

ஏணியில் ஏறி வந்தவள்
முதலில் இருமினாள். பிறகு சொன்னாள்,
"முதல் வீச்சு குறைஞ்சிருச்சுடி."
அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சில்லை.

இப்போது கடலுக்குப் போகாத ஞாயிறுகளில்
காலை ஆறு மணிக்கு மூக்கனேரிக் கரை.
நடக்க வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.
கொக்குகள் பழகிவிட்டன.
நசீமா சிவப்பு பிளாஸ்டிக் வாளியோடு
பதினைந்து மீட்டர் அளந்து நிற்பாள்,
அதுதான் குறி.
முதல் வீச்சு வாளியைத் தாண்டினால்
டீ அவள் கணக்கு.
குறைந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள்,
பையில் ஏரித் தண்ணீரை மொண்டு நீட்டுவாள்.

நான் குனிந்து கயிற்றைத் திணிக்கும்போது
சருகு மிதிபடும் சத்தம் கேட்கும்.
நிமிர்ந்தால் வாளியும் அவளும்
ஓர் அடி பின்னால்.
போன வாரமும் ஓர் அடி.
கயிற்றின் நீளம் அவளுக்குத் தெரியும்.
எனக்கும் தெரியும்.
கவனிக்காதவள் மாதிரி
நுனியை இடது கையில் சுற்றிக்கொள்கிறேன்;
சுற்றக் கூடாது, பிடிக்கத்தான் வேண்டும்,
அவிழ்த்து, மறுபடி பிடிக்கிறேன்.