சோக் கம்பி

எர்சுருமில் விடியாத நாலரை. மைனஸ் இருபத்தேழு.
மூக்குக்குள் முடி முறுகுகிறது.
நிலக்கரிப் புகை மேலே போக மனமில்லாமல்
கூரைகளிலேயே படுத்திருக்கிறது.

என் வண்டியின் பெயர் ஷாஹின்.
துருக்கியில் ராஜாளி என்று அர்த்தம்.
பறக்கச் சொல்லவில்லை,
ஒருமுறை இருமினால் போதும்.

சாவியைத் திருப்புகிறேன்.
டக்.
இன்னொரு முறை.
டக்.
கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போகும் பிள்ளைகள் மாதிரி.

பாசின்லர் சமவெளியில் ஸுல்குஃபின் பசு
நேற்றிரவிலிருந்து முக்கிக்கொண்டிருக்கிறது.
"கால் ரெண்டும் தெரியுது டாக்டரம்மா,
தலையைக் காணோம்."
இது மூன்றாவது அழைப்பு.

"பேட்டரி போச்சு" என்றார் நவம்பரில் நெஜ்மெத்தின்.
மாற்றினேன்.
"ஸ்டார்ட்டர் மோட்டார்" என்றான் அவர் மைத்துனன்.
மாற்றினேன். அரை மாதச் சம்பளம்.
மூன்றாம் மாடி முகத்தெர் மட்டும்
யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று
நீலக் கண்மணி ஒன்றைக் கண்ணாடியில் தொங்கவிட்டாள்.
அதற்குக் காசு வாங்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாய் மாட்டு வைத்தியம்.
மாட்டுக்காரர் நோயின் பெயரோடுதான் வருவார்.
பெயரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு
மாட்டைத் தொடவேண்டும்.
காது குளிர்ந்திருந்தால் ஒரு சேதி,
கொதித்தால் வேறொரு சேதி.
இந்த வண்டியை நான் தொட்டதே இல்லை.
திருப்பினேன், திட்டினேன், அவ்வளவுதான்.

முகப்பு விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பினேன்.
டக்.
பனிமேட்டில் விழுந்த வெளிச்சம்
இமைக்கவில்லை.
பேட்டரிக்குத் தெம்பில்லையென்றால்
மங்கியிருக்க வேண்டுமே.
மின்சாரம் இருக்கிறது. போயும் போகிறது.
போனது திரும்பி வர வழியில்லையோ?

பத்து எண்ணும்வரை சாவியை விடாமல் பிடித்தேன்.
கையுறையைக் கழற்றிப்
பழக்கத்தில் சோக்கை இழுத்தேன்.

சுட்டது.

இந்த ஊரில், இந்த நேரத்தில்,
என் உடம்பைத் தவிர வேறெதற்கும்
சூடாயிருக்க ஒரு நியாயமும் இல்லை.
குமிழுக்குப் பின்னால் அந்த ஒற்றைக் கம்பி,
காற்றை மறிக்கும் சின்ன வேலைக்கு வந்தது,
ஸ்டார்ட்டரின் மின்சாரம் முழுவதையும்
முதுகில் சுமந்து வீடு சேர்க்கப் பார்த்திருக்கிறது.
ஒற்றையடிப் பாதையில் ஓர் ஊரே நடந்த மாதிரி.

பானெட்டைத் திறந்து
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தேடினேன்.
எஞ்சினைச் சட்டத்தோடு கட்டும் செம்புப் பின்னல்
பச்சை பூத்து
இரண்டே இழையில் தொங்கியது.
கோடைக்கு இரண்டு இழை போதுமாயிருந்தது.
எண்ணெய் பாகாய் இறுகி
எஞ்சின் பல மடங்கு கேட்கிற மாதத்தில்தான்
குட்டு வெளிப்பட்டது.

ஜம்பர் கேபிளில் கறுப்பை எடுத்தேன்.
ஒரு முனை பேட்டரியின் மைனஸில்,
மறுமுனை எஞ்சினின் வெற்று இரும்பில்.
சாவி.

ராஜாளியெல்லாம் எழவில்லை.
கிழட்டு எருமை ஒன்று
முனகி, உலுக்கி, தும்மி
எழுந்து நின்றது.
மூன்றாம் மாடியில் விளக்கெரிந்தது.
முகத்தெர் தன் கண்மணிக்குத்தான் நன்றி சொல்வாள்.
சொல்லட்டும்.
கேபிள் ஆடாமலிருக்கக்
கையில் கிடைத்த கயிற்றால் இறுக்கிக் கட்டிப்
பானெட்டை மூடினேன்.

பாசின்லர். தொழுவம்.
தோள்வரை பசுவுக்குள் கை.
பின்னால் மடங்கிக் கிடந்த தலை
மெல்லத் தட்டுப்பட்டது.
"கயிறு!" என்றேன்.
ஸுல்குஃப் என் பையைக் கவிழ்த்தான்,
உதறினான், என்னைப் பார்த்தான்.
அப்போதுதான் உறைத்தது.

"பானெட்டுக்குள்ளே இருக்கு! ஓடு!
முடிச்சை மட்டும் அவிழ்.
கேபிளை ஆட்டாதே.
எஞ்சினை அணைச்சிடாதே!"

அவன் போனான்.
வெளியே அது ஓடிக்கொண்டிருக்கும் சத்தம்.
உள்ளே, இருட்டில்,
இன்னும் பிறக்காத வாய் ஒன்று
என் சுண்டுவிரலைப் பிடித்துச் சப்பியது.